துணியின் மறுபக்கம்: நெசவூர்களில் ஒரு நவம்பர்

நவம்பர் 4, காஞ்சிபுரம்

தீபாவளி விற்பனை ஓய்ந்த பிறகு போனால் நெசவாளர்கள் நிதானமாகப் பேசுவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். நிதானம் கிடைத்தது, கூடவே மழையும் கிடைத்தது. பேருந்து நிலையத்திலிருந்து பிள்ளையார்பாளையம் போக ஆட்டோக்காரர் 120 ரூபாய் கேட்டார். வழியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற ஒரு தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்ததால் அதைக் குறைத்துக் கேட்க மனம் வரவில்லை. வழக்கமாக விடியற்காலையில் இத்தெருக்களில் பட்டுப் பாவு இழைகளை, அதாவது சேலையின் நீளவாக்கில் ஓடும் நூல்களை, நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்துக் காயவைப்பார்கள். அதைப் பார்க்கத்தான் நேரத்தோடு வந்தேன். தெருவில் இரண்டு நாய்களும் ஒரு பால்காரரும் மட்டுமே இருந்தார்கள்.

நான் போய் அமர்ந்த வீட்டில் தறி முன்னறையிலேயே இருந்தது. குழித்தறி என்பதால் நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிக்கிறார். குழியின் அடியில் ஈரம் கசிந்திருந்ததால் கோணிப்பையை மடித்துப் போட்டிருந்தார்கள். “கீழ ஊறுது, மேல இழை ஒட்டுது. ஐப்பசி, கார்த்திகைன்னா தறி பாதி நாள்தாம்மா” என்றார் அந்தப் பெரியவர். அறுபதைத் தாண்டியவராகத் தெரிந்தார். தறியின் வலப்பக்கம், சேலையின் கரை ஓடும் இடத்தில், அவருடைய மனைவி ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் காப்பி கொடுப்பதற்காக அவர் எழுந்து போனதும் தறி நின்றுவிட்டது. இரண்டு பேர் இல்லாமல் இந்தத் தறி நடக்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

காஞ்சிப் பட்டின் கோர்வை வேலையைப் பற்றி எத்தனையோ முறை படித்திருக்கிறேன் என்றாலும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அதன் பாடு புரிந்தது. உடல் ஒரு நிறம், இரு கரைகளும் வேறு நிறம் என்றால், குறுக்கே ஓடும் ஊடை இழைக்கு, அதைச் சுமந்து ஓடும் மூன்று நாடாக்கள் தேவை. இடக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக்கரைக்கு ஒன்று. உடல் நாடா கரையின் விளிம்பு வரை வந்து, அங்கே கரையின் ஊடையோடு கோத்துக்கொண்டு திரும்புகிறது. ஒரே வீச்சில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாடாவை ஓட்டிவிட்டால் உடலின் நிறம் கரைக்குள் கலந்துவிடும். அதனால் கயிற்றை இழுத்து நாடாவை விரட்டும் வசதி இங்கே உதவாது. ஒவ்வொரு வரியிலும் கணவர் இடப்பக்கத்து நாடாக்களை வீசுகிறார், மனைவி வலக்கரை நாடாவைத் தள்ளித் திருப்புகிறார், பிறகு சீப்பு போன்ற அச்சு ஒருமுறை அடித்து வரியை நெருக்குகிறது. இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. மிதியின் ஓசைதான் முறையை நினைவூட்டுகிறது.

நான் முன்பக்கத்து ஜரிகையிலேயே கண்ணை வைத்திருந்ததைக் கவனித்த பெரியவர், நெய்து முடித்த சேலை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதைத் திருப்பிப் போட்டார். கரையும் உடலும் சேரும் இடத்தில், பின்பக்கம் இரு நிற இழைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. “இந்த எடத்தப் பாத்தாப் போதும். யார் நெஞ்சது, எப்படி நெஞ்சதுன்னு தெரிஞ்சிரும்” என்றார். இனி எந்த ஊரிலும் துணியை முதலில் திருப்பிப் பார்ப்பது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

நவம்பர் 5, காஞ்சிபுரம்

மழை விட்டுவிட்டுப் பெய்தது. காலையில் வரதராசப் பெருமாள் கோயில் பக்கம் கோயில் இட்லி கிடைத்தது. மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைத்து, துண்டுதுண்டாக வெட்டித் தருகிறார்கள். சட்னி இல்லாமலே தொண்டைக்குள் இதமாக இறங்கியது. மழைக்கால இருமலுக்கு மருந்து என்று பக்கத்தில் நின்ற ஒருவர் எனக்கு உறுதி கூறிவிட்டு, என்னிடமே ஒரு துண்டு வாங்கித் தின்றார்.

இன்று வேறொரு வீட்டில், முந்தி மாறும் கட்டத்தில் இருந்த தறியைப் பார்க்க முடிந்தது. ஊடையின் நிறத்தை மாற்றுவது எளிது, நாடாவை மாற்றினால் முடிந்தது. பாவோ தறியில் முன்பே கட்டப்பட்டு நீளவாக்கில் ஓடுவது. உடல் பச்சையாகவும் முந்தி அசல் அரக்காகவும் வர வேண்டுமென்றால், பாவின் ஆயிரக்கணக்கான பச்சை இழைகளோடு அரக்கு இழைகளைக் கோத்துச் சேர்க்க வேண்டும். இதைத்தான் பேட்னி என்கிறார்கள். இரு நிறமும் சேர்ந்து ஓடும் அந்த மெல்லிய பட்டையை முன்பக்கம் பார்ப்பவர்கள் நெசவுக் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்களாம். கடையில் அதைக் காட்டி விலை குறைக்கச் சொன்ன வாடிக்கையாளர்களைப் பற்றிச் சொல்லி அந்த வீட்டுப் பெண் சிரித்தார். அதைச் சேர்க்கவே மணிக்கணக்கில் குனிந்திருக்க வேண்டும் என்பது விலைச்சீட்டில் வராது.

தறியின் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டியும், அதிலிருந்து தொங்கும் துளையிட்ட அட்டைகளின் மாலையும் இருந்தன. ஒரு வரி ஊடைக்கு ஓர் அட்டை. துளை இருக்கும் இடத்து இழை மேலே எழும், இல்லாத இடத்து இழை கீழேயே கிடக்கும். பிரான்சின் லியோன் நகரத்தவரான ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய இந்த ஏற்பாடு வருவதற்கு முன்பு, எந்த வரிக்கு எந்த இழைகள் எழ வேண்டும் என்பதைக் கயிற்று முடிச்சுகளாகக் கட்டி வைத்திருந்தார்கள். அதற்கு அடை என்று பெயர். ஒருவர் மேலே கயிற்றை இழுக்க, மற்றவர் கீழே நெய்ய, யாளியும் அன்னமும் வரிவரியாக இறங்கி வந்தன. பழைய அடை ஒன்று இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். பரணில் இருந்ததை எலி தின்றுவிட்டதாம்.

ஜரிகைக் கரையைத் திருப்பிப் பார்த்தபோது, முன்பக்கம் மாங்காய் வடிவம் முடியும் இடத்திலிருந்து அடுத்த மாங்காய் தொடங்கும் இடம் வரை ஜரிகை பின்னால் மிதந்து ஓடியிருந்தது. சூரத்திலிருந்து வரும் அந்த ஜரிகையில் நல்ல பங்கு, கட்டிக்கொள்பவரின் கண்ணில் படாமல் உள்பக்கமே கிடக்கிறது.

நவம்பர் 6, வேலூருக்கு அப்பால், சாலையோரம்

எழுதும்படியான நாள் இல்லை. ஈரோட்டுப் பக்கம் போகும் இரவுப் பேருந்தின் பின்சக்கரம் வாணியம்பாடியைத் தாண்டியதும் பழுதாகி, மாற்றுச் சக்கரம் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடத்துநர் யாருடைய கேள்விக்கும் பதில் சொல்லாமல் கைப்பேசியோடு தூரமாகப் போய்விட்டார். சாலையோரக் கடையில் தேநீர் 15 ரூபாய், அதுவும் ஆறிப்போய் இருந்தது. பக்கத்து இருக்கைப் பாட்டி நான் நடுங்குவதைப் பார்த்துத் தன் பையிலிருந்து ஒரு நூல் போர்வையை எடுத்துத் தந்தார். நைந்துபோன சாதா நெசவு. பாவு ஒன்றன் மேல், அடுத்ததன் கீழ் என்று ஊடை மாறிமாறிச் செல்லும், உலகத்தின் மிகப் பழைய முறை. இருபுறமும் ஒன்றுபோலவே இருக்கும், இழைகள் அடிக்கடி பின்னிக்கொள்வதால் எளிதில் நழுவாது. வேட்டி, காடாத்துணி, கைக்குட்டை, கட்டுத்துணி எல்லாமே இதுதான். பாட்டியின் போர்வை இருபது வருடம் தாங்கியிருக்கிறதென்றால் அதற்கு இதுவே காரணம்.

நவம்பர் 7, பவானி

கூடுதுறையில் காவிரி நிறைந்து ஓடியது. குளிக்க வந்தவர்களைப் படித்துறையின் மேல்படியிலேயே நிறுத்திக்கொண்டிருந்தார்கள். சங்கமேசுவரர் கோயிலுக்கு வெளியே ஒரு மெஸ்ஸில் அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். 70 ரூபாய்க்கு அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. பரிமாறிய அம்மா மூன்றாம் முறை சாதம் போட வந்தபோது வேண்டாம் என்று சொன்னதற்கு, “ஏனுங் அம்மணி, சாப்பாடு புடிக்கலீங்களா?” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

பவானி ஜமக்காளத்தின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து ஆலைத்துணி மலிவாக வந்து குவிந்து, உடுதுணி நெய்தவர்களின் பிழைப்பு சரிந்தபோது, இவ்வூர் நெசவாளர்கள் தடித்த வண்ண நூலில் விரிப்பு நெய்யத் தொடங்கினார்கள். நான் அறிய விரும்பியது, அது எப்படி அத்தனை கனமாகவும் தட்டையாகவும் வருகிறது என்பதைத்தான்.

விடை தறியில் இருந்தது. இதுவும் அடிப்படையில் சாதா நெசவுதான், மேலும் கீழுமாக ஒன்றுவிட்டு ஒன்று. ஆனால் பாவு இழைகள் இடைவெளி விட்டு நிற்கின்றன, ஊடை பருமனாக இருக்கிறது, ஒவ்வொரு வரியையும் அச்சால் ஓங்கி அடித்து முந்தைய வரியோடு இறுக்குகிறார்கள். அடி விழும் ஒவ்வொரு முறையும் தரை அதிர்வது பாதத்தில் தெரிகிறது. இப்படி நெருக்கும்போது ஊடை பாவின் மேல் வழிந்து அதை முழுவதும் மூடிவிடுகிறது. சிவப்பும் பச்சையும் கறுப்புமாக நாம் பார்க்கும் பட்டைகள் அனைத்தும் ஊடையின் நிறங்களே. பாவு நூல் எந்த நிறத்தில் இருந்தாலும் யாரும் அறியப்போவதில்லை. அகலமான விரிப்பு நெய்யும்போது இருவர் ஒரே தறியில் அருகருகே அமர்ந்து நாடாவைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். காஞ்சியில் நிறத்தைப் பிரித்து வைப்பதற்கு இரண்டாவது ஆள் வேண்டியிருந்தது, இங்கே அகலத்துக்காக.

வழக்கப்படி விரிப்பைத் திருப்பினேன். நெசவாளர் சிரித்துவிட்டார். “இதுக்கு மேல் பக்கம், கீழ் பக்கமெல்லாம் கெடையாதுங். ஒரு பக்கம் அழுக்கானா அந்தப் பக்கம் போட்டுக்க வேண்டியதுதான்.” கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-இல் வந்த சட்டத்தில் ஜமக்காளமும் உண்டு. இருந்தும் விசைத்தறிச் சரக்கு பவானிப் பெயரில் விற்கிறது என்பதை நான் பேசிய மூன்று கடைக்காரர்களும், மூன்று விதமான குரலில், சொன்னார்கள். ஒற்றை ஆள் படுக்கும் அளவு விரிப்பு ஒன்றை 850 ரூபாய்க்கு வாங்கினேன். கனம் தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையம் வரை நடந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது.

நவம்பர் 8, சென்னிமலை

மேகம் இருந்தும் மழை இல்லை. சென்னிமலையில் போர்வையும் படுக்கை விரிப்பும்தான் பேச்சு. இங்கே தறிகளில் கயிற்றை இழுத்தால் நாடா பெட்டியிலிருந்து பாய்ந்து எதிர்ப்பெட்டிக்குள் போய் மோதுகிறது. ஆங்கிலேயரான ஜான் கே 1733-இல் கண்டுபிடித்த பறக்கும் நாடா இதுதான். ஒற்றை ஆளே அகலமான துணியை நெய்யலாம்.

மேலே டாபி பெட்டி வைத்த ஒரு தறியின் முன் நெடுநேரம் நின்றேன். ஜக்கார்டில் இழைகளைத் தனித்தனியாகத் தூக்க முடியும். டாபியில் இழைகளை விழுதுகள் என்னும் தொகுதிகளாகப் பிரித்து, கூட்டம் கூட்டமாகத் தூக்குகிறார்கள். ஆகவே யாளி வராது, கட்டமும் வைரமும் அலையும் வரும். அந்தத் தறியில் ஓடியது ட்வில். ஊடை இரண்டு பாவுக்கு மேலே, இரண்டுக்குக் கீழே போகிறது. அடுத்த வரியில் அதே கணக்கு ஓர் இழை தள்ளித் தொடங்குகிறது. அந்த ஓர் இழை நகர்வினால்தான் துணி முழுவதும் சாய்ந்த கோடுகள் விழுகின்றன. சில வரிகளுக்குப் பின் நகரும் திசையை மாற்றினால் கோடு முறிந்து எதிர்ப்பக்கம் சாயும், அதுவே வைரக் கட்டமாகவும் மீன்முள் வடிவமாகவும் வளரும். இழைகள் குறைவாகப் பின்னிக்கொள்வதால் அதிக நூலை நெருக்கி வைக்கலாம். துணி தடிமனாகவும் அதே சமயம் துவண்டும் இருக்கும். போர்வைக்கு இவ்விரண்டும் வேண்டும்.

அவ்வீட்டு அம்மா, நெசவு பார்க்க வந்தவளுக்குத் துண்டைக் காட்டாமல் விட்டால் தகாது என்பதுபோல், கொடியில் கிடந்த மூன்று துண்டுகளை எடுத்து வந்து திண்ணையில் பரப்பினார். ஈரிழைத் துண்டில் இரண்டிரண்டு நூல் சேர்ந்து ஒன்றாக ஓடுகிறது. சாதா நெசவுதான் என்றாலும் ஈரத்தை நன்றாக வாங்கி, சீக்கிரம் காய்ந்துவிடும். தேங்காய்ப்பூத் துண்டுக்கு இரண்டு பாவு வேண்டும். ஒன்று விறைப்பாக இழுபட்டிருக்கும், மற்றது தளர்ந்திருக்கும். மூன்று வரி ஊடை சேர்ந்தபின் ஒருசேர நெருக்கும்போது தளர்ந்த பாவு சுருண்டு எழுந்து வளையமாக நிற்கிறது. மூன்றாவது, தேன்கூடு போலச் சதுரக் குழிகள் கொண்டது. ஊடையும் பாவும் சில இடத்தில் நீளமாக மிதந்தும், சில இடத்தில் நெருக்கமாகப் பின்னியும் இருப்பதால், இறுக்கமான இடம் மேடாகாமல் அமுங்கி, நீள மிதப்புகள் எழுந்து சுவராகின்றன. தேன்கூட்டுத் துண்டின் ஒரு குழிக்குள் அவர் சுண்டுவிரல் நுனியை வைத்துக் காட்டினார். மருதாணிச் சிவப்பு இன்னும் அழியாத அந்த விரல் நுனி குழியில் கச்சிதமாகப் பொருந்தியது. எனக்கு மூன்றில் ஈரிழைதான் பிடித்தது. தேங்காய்ப்பூவின் மேல் இத்தனை மோகம் ஏன் என்று எனக்கு விளங்கியதில்லை. மழைக்காலத்தில் அது காயவே காயாது.

நவம்பர் 9, பள்ளிபாளையம்

ஈரோட்டில் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். காதில் விழும் முதல் ஒலி விசைத்தறி. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடா பாயும் தறிகள் ஒரு கொட்டகைக்குள் இருபதுக்கும் மேல் இருந்தால், பேச்சு என்பது வாயசைவும் சைகையும்தான். தறிகளுக்கிடையே நடந்துகொண்டிருந்த பெண் ஒருவர், அறுந்த பாவு இழையை, தறியை நிறுத்தி, எச்சில் தொட்டு முடிந்து, மீண்டும் ஓடவிட எடுத்துக்கொண்ட நேரம் நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்த நேரத்துக்கும் குறைவு. காற்றில் பஞ்சுத் தூசி மிதந்து புருவத்தில் படிகிறது. அவர் முகத்தில் எதுவும் கட்டியிருக்கவில்லை.

வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது தறி உரிமையாளரிடம் ட்வில்லைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவர் என் ஜீன்ஸின் கால்மடிப்பைக் காட்டி, “அதத் திருப்புங்க” என்றார். வெளியே நீலம், உள்ளே வெளுப்பு. அவுரி நீலம் ஏற்றிய பாவு, சாயம் போடாத ஊடை. பாவு மூன்று ஊடைக்கு மேலே ஓடி ஒன்றுக்குக் கீழே இறங்குவதால் நீலம் முன்பக்கமும் வெள்ளை பின்பக்கமும் மிகுந்து நிற்கிறது. அதே இரண்டு நூலைச் சாதா நெசவில் நெய்தால் இருபுறமும் ஒரேபோல வெளிர்நீலம்தான் வரும். நிறமென்று நாம் நினைப்பதில் பாதி, எந்த நூல் எத்தனை நேரம் மேலே தெரிகிறது என்ற கணக்கு.

சாட்டினைப் பற்றி அவர் சொன்னது, நான் தங்கியிருந்த விடுதி அறையின் படுக்கை விரிப்பைப் பார்த்ததும் விளங்கியது. வெள்ளை விரிப்பில் வெள்ளைப் பட்டைகள், நூல் ஒன்றே, சாயமும் இல்லை. சாட்டினில் குறைந்தது ஐந்து இழைக் கணக்கு. நான்கின் மேல் மிதந்து ஒன்றில் மட்டும் இழை பின்னிக்கொள்ளும். அந்தப் பின்னல் புள்ளிகள் ஒன்றையொன்று தொடாதபடி தள்ளித்தள்ளி வைக்கப்படுவதால் ட்வில்லின் சாய்வுக் கோடு விழாமல், நீண்டு மிதக்கும் இழைகள் மட்டுமே தெரிந்து ஒளியை ஒருசேரத் திருப்புகின்றன. ஒரு பட்டையில் பாவு மிதக்க, அடுத்ததில் ஊடை மிதக்க, ஒளி விழும் திசைக்கேற்ப ஒன்று மின்னுகிறது, மற்றது மங்குகிறது. மிதக்கும் இழை எதிலும் மாட்டி இழுபடும் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை. அந்த விரிப்பிலும் யாரோ ஒருவரின் கொலுசு கிழித்த நூல் ஒன்று நீளமாகத் தொங்கியது.

இரவு பள்ளிபாளையம் சிக்கன். மசாலாப் பொடி எதுவும் இல்லாமல், காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் மட்டும். ஒரு தட்டு 160 ரூபாய். கண்ணில் நீர் வழிய வழியத் தின்று முடித்தேன்.

நவம்பர் 11, பத்தமடை

திருநெல்வேலியில் இறங்கியபோது விடாத தூறல். சேரன்மகாதேவி வழியாகப் போகும் பேருந்தில் பத்தமடை வந்து சேர்ந்தேன். பாய் என்பது துணியாகுமா என்று யாரும் கேட்கலாம். பாவும் ஊடையும் இருந்தால் நெசவுதான் என்பது என் கட்சி. பருத்தி நூல் பாவை மூங்கில் கால்களின் மேல் தரையோடு தரையாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஊடைக்கு நூல் இல்லை, தாமிரபரணிக் கரையோரக் கோரை. பச்சையாக அறுத்து, வெயிலில் உலர்த்தி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் கீறி மெலிதாக்குகிறார்கள். நீண்ட குச்சியின் முனையில் கோரையைக் கோத்து, பாவின் ஊடே செலுத்தி, துளையிட்ட மர அச்சால் நெருக்குகிறார்கள். நாடா இல்லை, மிதியும் இல்லை.

பட்டுப் பாய்க்கு 100-ஆம் நம்பர் நூலைப் பாவாகப் போடுகிறார்கள். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீள நூல்கட்டு, அதாவது சிட்டம், எத்தனை கிடைக்கிறதோ அதுவே நம்பர். அத்தனை மெல்லிய பாவில் அத்தனை மெலிதாகக் கீறிய கோரை சேரும்போது பாய் நான்காக மடித்தாலும் முறியாது. திருமணப் பாய்களில் மணமக்கள் பெயரையும் நெய்து தருகிறார்கள். அந்த வீட்டு உம்மா கல்யாணப் பாய் ஒன்றை விரித்து, நான் கேட்பதற்கு முன்பே மறுபக்கத்தையும் காட்டினார். எழுத்துகள் அங்கே இடவலம் மாறி, ஆனால் அதே தெளிவோடு இருந்தன.

விலை கேட்டேன். சாதாப் பாய் 600-லிருந்து, பட்டுப் பாய் பல ஆயிரம். “இப்ப சொன்னா தை மாசம்தான் கெடைக்கும்மா. மழை விட்டாத்தான் கோரை காயும், கோரை காஞ்சாத்தான் சாயம்” என்றார். முன்பணமாக 1,000 ரூபாய் கொடுத்து, மூலையில் பெயர் எதுவும் வேண்டாம், கரையில் அரக்கும் பச்சையும் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும் பேருந்தில் இருக்கை கிடைக்கவில்லை, ஜமக்காளத்தைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.